மாற்று வரலாறா, நிகழா வரலாறா?

ஐரோப்பாவின் ஹப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் திருமணங்களைப் பற்றிய தமிழாக்கக் கட்டுரை ஒன்றில் 'மிகேலின் மாற்று வரலாறு' என்று ஒரு துணைத்தலைப்பு. படித்த நண்பர், இதுவரை மறைத்துவைத்திருந்த ஏதோ ஓர் உண்மை வெளிவந்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. தமிழில் அந்தத் தொடருக்கு அதுதான் பொருள்.

ஆங்கிலத்தில் 'ஆல்டர்நேட் ஹிஸ்டரி' என்பார்கள். ஒரு பிறப்போ சாவோ திருமணமோ வேறு விதமாக அமைந்திருந்தால் பிறகு என்ன ஆகியிருக்கும் என்று எழுதிப் பார்ப்பது. 'ஆல்டர்' என்றால் இலத்தீனில் இரண்டில் மற்றொன்று. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மெய்யியலாளர் ஷார்ல் ரெனுவியே இதற்கு 'யுக்ரோனி' என்று பெயர் வைத்தார். 'இல்லாத இடம்' என்னும் யுடோப்பியாவைப் போல 'இல்லாத காலம்'. வேர்ச்சொல் ஆராய்ச்சி இவ்வளவு போதும்.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் 'ஆல்டர்' என்று கண்டதும் 'மாற்று' என்று போட்டுவிடுகிறார்கள். மாற்றுச் சாவி, மாற்றுப் பாதை, மாற்றுத் துணி ஆகிய மூன்றும் உண்மையில் இருப்பவை. ஒன்று உதவாதபோது அதன் இடத்தில் எடுத்துப் பயன்படுத்துபவை. நடக்காத ஒன்றை எதன் இடத்தில் வைப்பது? அதைவிடப் பெரிய சிக்கல், 'மாற்று வரலாறு' தமிழில் ஏற்கெனவே வேலையில் இருக்கும் சொல். அரசர்களும் அதிகாரிகளும் எழுதியதற்கு மறுபக்கமாக, ஒடுக்கப்பட்டோரும் பெண்களும் உழைப்பாளர்களும் தங்கள் பார்வையில் எழுதும் வரலாற்றை அப்படித்தான் அழைக்கிறோம். அது நடந்தது, ஏட்டில் ஏறாதது. இதுவோ நடக்கவே இல்லாதது. இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால் கேடு முதலாவதற்குத்தான்: 'இதுவும் மாற்று வரலாறுதானே, கற்பனைதானே' என்று தள்ளிவிட வழி கிடைத்துவிடும்.

அந்த மிகேலையே பாருங்கள். தந்தை போர்ச்சுகல் மன்னர் மனுவேல். தாய், ஸ்பெயினை ஆண்ட பெர்டினாண்ட் – இசபெல்லா இணையரின் மூத்த மகள். ஸ்பெயினின் வாரிசாக இருந்த தாய்மாமன் ஹுவான் 1497இல் இறந்துவிட்டார். 1498 ஆகஸ்டில் மிகேல் பிறந்தான். பிள்ளையைப் பெற்றதோடு தாயும் போனாள். போர்ச்சுகல், ஸ்பெயினாக இணைந்த காஸ்தில், அரகோன் என மூன்று நாட்டு மன்றங்களும் அவனை வாரிசாக ஏற்று உறுதி எடுத்தன. இரண்டு வயது நிறையும் முன், 1500 ஜூலையில் குழந்தை இறந்தது. உரிமை சித்தி ஹுவானாவுக்குப் போனது. ஹப்ஸ்பர்க் இளவரசர் பிலிப்பின் மனைவி அவள். அவளுடைய ஐந்து மாதக் கைக்குழந்தைதான் பின்னாளில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ். மிகேல் பிழைத்திருந்தால் ஸ்பெயினின் முடி ஹப்ஸ்பர்க் வீட்டுக்கு வந்திருக்காது. இதில் மறைத்த உண்மை எங்கே இருக்கிறது?

'கற்பனை வரலாறு' என்பாரும் உண்டு. கேட்டதும் சரித்திர நாவல்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் இந்தத் துறையின் கச்சாப்பொருள் பல வேளை கற்பனையே அல்ல. சார்லஸின் மகன் பிலிப்புக்கும் இங்கிலாந்து அரசி மேரிக்கும் 1554இல் திருமணம் நடந்தது. பிறக்கும் பிள்ளைக்கு இங்கிலாந்தோடு நெதர்லாந்துப் பகுதிகளும் சேரும், ஸ்பெயின் பிலிப்பின் முதல் தாரத்து மகனுக்குப் போகும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்தார்கள். மேரிக்கு மகன் பிறந்துவிட்டான் என்ற வதந்தியை நம்பி 1555இல் லண்டனில் மணியடித்துக் கொண்டாடவும் செய்தார்கள். கருவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பிறக்காத பிள்ளையின் சொத்துப் பங்கீடு சட்ட மொழியில் இருக்கிறது. அதைப் போய்க் கற்பனை என்பதா?

'எதிர்வரலாறு' இன்னும் மோசம். எதிர்காலத்தின் வரலாறு என்றே படிக்கத் தோன்றும்.

என் பரிந்துரை 'நிகழா வரலாறு'. வாடா மலர், அழியாப் புகழ் என்பவற்றில் உள்ள அதே எதிர்மறைப் பெயரெச்சம். பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். ('நேரா வரலாறு' என்றும் யோசித்தேன். 'நேரான வரலாறு' என்று படித்துவிடுவார்கள், விட்டுவிட்டேன்.) நிகழாதது எப்படி வரலாறு ஆகும் என்று கேட்பார்கள். அந்த முரண்தானே இந்தத் துறைக்கு உயிர். அதைப் பெயரிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

பெயரைத் திருத்தினால் மட்டும் போதாது, வினையும் திருந்தவேண்டும். 'மிகேல் ஐபீரியா (ஸ்பெயினும் போர்ச்சுகலும் உள்ள தீபகற்பம்) முழுவதையும் ஆண்டிருக்கலாம்' என்று எழுதுகிறார்கள். அது தனியே நின்றால், ஆண்டானோ இல்லையோ என்ற ஐயமாகவோ, ஆளவில்லையே என்ற ஏக்கமாகவோதான் ஒலிக்கும். 'பிழைத்திருந்தால் ஆண்டிருப்பான்' என்று நிபந்தனையைச் சேர்த்துச் சொல்ல என்ன தடை? சிலர் முதல் வாக்கியத்தில் 'இருந்தால்' போட்டுவிட்டு, அடுத்த வாக்கியத்திலிருந்து 'ஆண்டான், வென்றான், மணந்தான்' என்று இறந்தகாலத்தில் ஓடுகிறார்கள். நடுவில் ஒரு பத்தியைப் படிக்கும் மாணவர் அதை அப்படியே தேர்வில் எழுதி வைப்பார். மதிப்பெண் குறைவதும் அவருக்குத்தான்.