டொல்-ஒத்த வாங்கி 4: சொல் விளக்கம்

டொல்-ஒத்த வாங்கி 4 என்பது வெண்குழியங்களின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம். அதை ஆக்கும் பரம்பரையலகுக்கும் (மரபணுவுக்கும்) அதே பெயர்தான். நுண்ணுயிர்களை விழுங்கும் பெரிய வெண்குழியங்களில் இதற்கு முக்கிய வேலை உண்டு. சல்மனெல்லா போன்ற கிராம்-எதிர் பற்றீரியாக்களின் வெளிமென்சவ்வில் இலிப்போபல்சக்கரைட்டு என்ற பொருள் இருக்கிறது. அது உடம்புக்குள் வந்துவிட்டதை உணர்ந்து கலத்தின் (உயிரணுவின்) உள்ளே தெரிவிப்பது இந்த வாங்கி. சல்மனெல்லாவால் வரும் நெருப்புக்காய்ச்சலில் (தைபோயிட்டில்) உடம்பு கொதிப்பதற்கு இங்கே தொடங்கும் அறிவிப்பும் ஒரு காரணம்.

பெயரின் முதற் சொல் ஜேர்மன் மொழியிலிருந்து வந்தது. அதை ஆங்கிலச் சொல்லென்று எண்ணிச் 'சுங்கம்' என்று பெயர்த்தால் பொருள் முற்றாகக் கெட்டுப்போகும். ஜேர்மனியின் ரூபிங்கன் நகரில் கிறிஸ்ரியான நுஸ்லைன்-பொல்ஹார்ட் பழ ஈக்களின் முளையங்களை (கருக்களை) ஆராய்ந்துகொண்டிருந்தார். முதுகுப்புறம் எது, வயிற்றுப்புறம் எது என்ற ஒழுங்கு குழம்பிய முளையம் ஒன்றைக் கண்டு அவர் வியந்து சொன்ன சொல் 'டொல்'. 1985 இல் வெளிவந்த ஆய்வுகளில் அதுவே அந்தப் பரம்பரையலகின் பெயராகிவிட்டது. இன்றைய ஜேர்மன் பேச்சில் அதற்கு 'அருமை' என்று பொருள். பழைய பொருளோ 'விசர்'. விசர்நாய்க்கடி நோய்க்கு ஜேர்மனியர் சொல்லும் 'டொல்வூட்' என்ற பெயரில் அந்தப் பழைய பொருள் இன்னும் இருக்கிறது.

1996 இல் பிரான்சின் ஸ்ராஸ்பூர்க்கில் ஜூல் ஹொஃப்மன் குழுவினர், டொல் பழுதுபட்ட ஈக்கள் பங்கசுத் (பூஞ்சைத்) தொற்றைத் தாங்காமல் இறப்பதைக் கண்டனர். முளையத்தின் வடிவத்தை ஒழுங்குபடுத்தும் பரம்பரையலகு நோயையும் எதிர்க்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. அடுத்த ஆண்டே மனிதரிடம் அதை ஒத்த ஒரு புரதத்தை மெட்ஷிற்றொவ், ஜேன்வே என்ற ஆய்வாளர்கள் காட்டினர். பெயரில் உள்ள 'ஒத்த' அங்கிருந்து வந்தது.

அது எதை உணர்கிறது என்ற கேள்விக்கு விடை சுண்டெலியிடம் கிடைத்தது. சி3எச்/எச்ஈஜே என்ற ஆய்வுகூட இனச் சுண்டெலிகளுக்கு இலிப்போபல்சக்கரைட்டை ஏற்றினாலும் அவை பாதிப்பின்றி இருப்பது 1960 களிலேயே தெரிந்திருந்தது. மற்றச் சுண்டெலிகளைக் கொல்லும் அளவு இவற்றை ஒன்றும் செய்யாது. இதை வலிமை என்று நினைத்துவிடக் கூடாது. உயிருள்ள சல்மனெல்லாவை ஏற்றினால் மற்றவற்றைவிட இலகுவாக இறப்பவை இவைதான். பகைவன் வந்தது தெரியாததால் எதிர்ப்பும் எழுவதில்லை. 1998 இல் புரூஸ் பொய்ட்லர் குழுவினர் காரணத்தைக் கண்டுபிடித்தனர். இந்தப் புரதத்தின் 712 ஆம் இடத்தில் புரோலீன் இருக்க வேண்டும். அந்தச் சுண்டெலிகளில் அங்கே ஹிஸ்ரிடீன் இருந்தது. ஒரேயொரு அமினோ அமிலம் மாறியதால் கலம் முழுவதும் செவிடாகிப்போனது. நோயெதிர்ப்பை ஆராயும் நிர்ப்பீடனவியலில் இதைப்போல் என்னை ஆட்கொண்ட கண்டுபிடிப்பு வேறில்லை. பொய்ட்லருக்கும் ஹொஃப்மனுக்கும் 2011 இல் நோபல் பரிசின் ஒரு பாதி கிடைத்தது.

இனி 'வாங்கி'. மூலச்சொல்லான 'ரிசெப்ரர்' இலத்தீனில் 'பெற்றுக்கொள்' என்ற வினையிலிருந்து பிறந்தது. 1900 இல் ஜேர்மன் மருத்துவ ஆய்வாளர் போல் ஏர்லிக் நச்சுப்பொருள்கள் கலத்தில் பற்றும் இடங்களைக் குறிக்க அதைக் கையாண்டார். ஆகவே அது நிர்ப்பீடன ஆய்விலேயே பிறந்த சொல். தமிழ்நாட்டு நூல்களில் 'ஏற்பி' என்று காண்கிறோம். எங்கள் இலங்கைப் பாடநூல்களில் 'வாங்கி'. இரண்டும் சரியானவையே. ஆனாலும் நான் வாங்கியின் பக்கம். 'ஏற்றல்' என்றால் வந்ததை ஒப்புக்கொள்வது மட்டும் போலத் தோன்றும். 'வாங்கு' என்ற வினைக்குப் பெறுதல் மட்டுமல்ல, வளைத்தல், இழுத்தல் என்ற பழம்பொருள்களும் உண்டு. வில்லை வாங்கினான் என்றால் வளைத்தான் என்று அர்த்தம். இந்தப் புரதத்தின் வெளிப்பகுதியும் குதிரை லாடம் போல வளைந்தது. எம்டி-2 என்ற துணைப்புரதத்தோடு சேர்ந்து இலிப்போபல்சக்கரைட்டைப் பிடித்ததும், இத்தகைய இரண்டு வாங்கிகள் நெருங்கி இணைகின்றன. அதன் பிறகே செய்தி உள்ளே போகிறது. ஏர்லிக் இதை நினைத்துப் பெயர் வைக்கவில்லைத்தான். தமிழுக்குத் தற்செயலாக வாய்த்த பொருத்தம் அது.

கலைச்சொல் ஆக்கம் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் படிப்பித்தார். உடற்கூற்றியலுக்கு அவர் காலத்தில் வழங்கிய 'அங்காதிபாதம்' என்ற சொல் இன்று வழக்கில் இல்லை. கலம், பரம்பரையலகு, நிர்ப்பீடனம், நிறமூர்த்தம் (குரோமோசோம்) ஆகியவை வகுப்பறையில் உயிரோடு இருக்கின்றன. தமிழ்நாட்டு வாசகருக்கு எழுதும்போது பரம்பரையலகோடு மரபணு என்று ஒருமுறை சேர்த்துச் சொன்னால் போதும். எங்கள் சொல்லைக் கைவிட வேண்டியதில்லை.

எழுதும்போது மூன்று கவனம் வேண்டும். பெயரிலுள்ள 4 இந்தக் குடும்பத்துக்குள் வரிசை எண். நிறமூர்த்த எண் அல்ல. சுண்டெலியில் இது நான்காம் நிறமூர்த்தத்தில் இருப்பது தற்செயல். மனிதரில் ஒன்பதாவதில் இருக்கிறது. வெறும் 'எலி' என்று எழுதினால் வேறு விலங்கு என்று கொள்ள இடமுண்டு. சுண்டெலி என்றே எழுத வேண்டும். ஆங்கிலத்தில் சுண்டெலிப் பரம்பரையலகின் குறியீட்டுக்கு முதலெழுத்தை மட்டும் பெரிதாக்கிச் சாய்வாக எழுதுவார்கள். மனிதருடையதென்றால் எல்லா எழுத்தும் பெரிது. தமிழில் பெரிய எழுத்து இல்லை. ஆதலால் 'சுண்டெலியின் டொல்-ஒத்த வாங்கி 4 பரம்பரையலகு', 'மனித டொல்-ஒத்த வாங்கி 4 புரதம்' என்று விலங்கையும் பொருளையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு சொல் கூடினாலும் வாசிப்பவருக்குக் குழப்பம் வராது.