மட்டிக்கு என்ன அப்படியொரு சந்தோஷம்?

ஆங்கிலத்தில் ‘ஹாப்பி ஆஸ் எ கிளாம்’ (சேற்றில் புதைந்து வாழும் இரட்டை ஓட்டு மட்டியைப் போல மகிழ்ச்சியாக) என்கிறார்களே, மட்டிக்கு என்ன அப்படியொரு சந்தோஷம் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ‘ஆன் கிளவுட் நைன்’ பற்றியும் கேட்டிருந்தார்; அதை முதலில் முடித்துவிடலாம். 1896இல் வெளியான பன்னாட்டு மேக அட்லஸில் 9ஆம் எண் குமுலோநிம்பஸ் என்ற இடிமேகத்துக்கு. அது மிக உயரம் எழுவதால் ‘ஒன்பதாம் மேகத்தில் இருப்பது’ உச்ச மகிழ்ச்சி ஆயிற்று என்ற கதை இணையமெங்கும் உலவுகிறது. எனக்கு நம்பிக்கை இல்லை. 1930களின் அமெரிக்கக் கொச்சையில் வழங்கியது எட்டாம் மேகம், அதுவும் குடிபோதைக்கு. பிறகு ஏழாம் மேகமும் வந்தது. எண் இப்படி ஊர்சுற்றியிருக்கும்போது அட்லஸை மூலமாகக் காட்டுவது சரிப்படாது. தவிர, ஆலங்கட்டியும் மின்னலும் நிறைந்த அந்த மேகத்துக்குள் யார் மகிழ்ச்சியாக இருப்பார்கள்?

மட்டிக்கு வருவோம். இந்த வழக்கு அமெரிக்காவின் கிழக்குக் கரையைச் சேர்ந்தது. 1830களிலேயே அச்சில் வந்துவிட்டது. ஜான் பார்ட்லெட் 1848இல் தொகுத்த அமெரிக்க வழக்குச் சொல் அகராதியில் இதன் வாலும் இருக்கிறது: ‘நீர் ஏறியிருக்கும்போது மட்டி இருப்பதைப் போல’. வாலை வெட்டியதால்தான் புதிராகத் தெரிகிறது.

கடல் ஏறி இறங்குவது நிலவால் என்பது பள்ளிப் பாடம். 24 மணி 50 நிமிடத்தில் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். நீர் வடிந்து சேற்றுத்தரை வெளியே தெரியும் சில மணி நேரம்தான் மட்டி தோண்டுபவர்களுக்கு வேலை நேரம். மென்னோட்டு மட்டி என்றால் சேற்றில் சிறு துளை தெரியும். துளைக்கு நேர் மேலே முட்கரண்டியை இறக்கினால் ஓடு நொறுங்கிச் சதைக்குள் மணல் புகுந்துவிடும். அதனால் பக்கத்தில் குத்திச் சேற்றைப் புரட்டுவார்கள். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் 2 அங்குலத்துக்குக் குறைந்ததை எடுக்கச் சட்டம் அனுமதிக்காது. நீர் ஏறிவிட்டால் தோண்டுபவர் கரைக்குப் போய்விடுவார். மட்டியும் நீர்க்குழலை நீட்டி, மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்னத் தொடங்கும்.

நீர் வடிந்ததும் கெட்டியோட்டு மட்டி இறுக மூடிக்கொள்ளும். எப்படி மூடுகிறது, எப்படித் திறக்கிறது என்பதில்தான் விசேஷம் இருக்கிறது. மட்டிக்கு ஓட்டைத் திறக்கத் தசையே கிடையாது. இரு ஓடுகளும் சேரும் கீலில் மீள்தன்மையுள்ள ஒரு நார் இருக்கிறது; ஓட்டை எப்போதும் விரிக்கப் பார்ப்பது அதுதான். அதை எதிர்த்து மூடுபவை உள்ளே உள்ள இரண்டு தசைகள். உயிர் போனதும் தசை தளர, நார் ஓட்டை விரித்துவிடும். வாய் பிளந்த மட்டியைத் தட்டிப் பார்த்து, மூடாவிட்டால் சமையலுக்கு ஆகாது என்று ஒதுக்குவதும் இதனால்தான்.

நம் கையை மடக்கிப் பத்து நிமிடம் வைத்திருந்தால் வலிக்கிறது. மட்டி மணிக்கணக்கில் மூடியிருக்கிறது. அதன் தசையின் ஒரு பகுதி வேகமாகச் சுருங்கும். இன்னொரு பகுதி சுருங்கிய நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருள் வந்ததும் தசைச் செல்லுக்குள் கால்சியம் உயர்ந்து சுருக்கம் தொடங்குகிறது. பிறகு கால்சியம் இறங்கிவிடும், இறுக்கமோ இறங்காது. ட்விச்சின் என்ற புரதம் தடித்த இழையையும் மெல்லிய இழையையும் பிணைத்து வைத்திருப்பதால் ஆற்றல் செலவு மிகச் சொற்பம். பூட்டைத் திறக்க இன்னொரு நரம்புச் செய்தி வேண்டும். அது வந்தால் ட்விச்சினில் பாஸ்பேட் ஏறும், பிணைப்பு விடும், தசை தளரும்.

அந்தச் செய்தியைக் கொண்டுவருவது, மகிழ்ச்சியோடு சேர்த்துப் பேசப்படும் செரோடோனின்!

இதைக் கண்டறிந்தவர் பெட்டி ட்வரோக். ஹார்வர்டில் ஜான் வெல்ஷிடம் ஆய்வு மாணவியாக இருந்தபோது, மட்டியின் உறவான மஸல் சிப்பியின் தசையில் இந்த விளைவைப் பார்த்தார். முதுகெலும்பில்லாத உயிரியின் நரம்பில் இது வேலை செய்தால் பாலூட்டியின் மூளையிலும் இருக்க வேண்டுமே என்பது அவர் யூகம். செரோடோனினை 1948இல் மாட்டு இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்திருந்த கிளீவ்லாந்து ஆய்வகத்துக்கே போனார். அளவுகோலாக எடுத்துக்கொண்டது கெட்டியோட்டு மட்டியின் இதயத்தை. உடலிலிருந்து எடுத்துக் கடல்நீர்த் தொட்டியில் தொங்கவிட்டாலும் அது துடிக்கும்; நூறு கோடியில் ஒரு பங்கு செரோடோனினுக்கே துடிப்பு வலுக்கும். அசிட்டைல்கோலின் பட்டால் தளரும் என்பதால் இரண்டும் குழம்ப வழியில்லை. மூளைச் சாற்றை ஊற்றிப் பார்த்தார், துடிப்பு வலுத்தது. 1953இல் அந்த ஆய்வகத்தின் தலைவர் இர்வின் பேஜுடன் சேர்ந்து முடிவை வெளியிட்டார்.

மனச்சோர்வு மருந்தான ஃப்ளூவாக்ஸெட்டின் வரையிலான ஆய்வுகளின் ஒரு வேர் இங்கே இருக்கிறது. சிப்பித் தசை ஆராய்ச்சியால் நாட்டுக்கு என்ன பயன் என்று விண்ணப்பத்தைத் தள்ளும் நிதிக்குழுக்கள் இந்த வரலாற்றைப் படிக்கலாம். ஆனால் செரோடோனினை ‘மகிழ்ச்சி ரசாயனம்’ என்று புட்டியில் அடைத்து விற்பவர்கள் தாயத்து விற்பவர்களுக்குச் சளைத்தவர்கள் அல்ல. நம் உடலின் செரோடோனினில் பெரும்பகுதி குடலில் இருக்கிறது, குடல் அசைவுக்காக. அதோடு அது குடலிலிருந்து இரத்தம் வழியாக மூளைக்குள் நுழைவதும் இல்லை.

மட்டி வளர்ப்பவர்களுக்கு இதில் நேரடி லாபமும் உண்டு. இனப்பெருக்கத்துக்குத் தயாராக இருக்கும் மட்டியின் தசையில் அரை மில்லிலிட்டருக்கும் குறைவாகச் செரோடோனின் கரைசலை ஊசியில் ஏற்றினால் அது விந்தையோ முட்டையையோ நீரில் விடத் தொடங்கும்; பொதுவாக ஆண்கள்தான் முதலில். பருவம் முற்றாத மட்டிக்கு எத்தனை ஊசி போட்டாலும் ஒன்றும் வராது.