இறந்த குழந்தையை ஸ்கேன் செய்தால் காரணம் தெரியுமா?

பெற்ற பிள்ளை இறந்துபோனால் ஏன் என்று தெரிந்தாக வேண்டும். ஆனால் அந்தச் சின்ன உடம்பில் கத்தி வைக்கச் சம்மதிக்க யாருக்கு மனசு வரும்? பிரிட்டனில் இந்தத் தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. லிவர்பூலில் உள்ள ஆல்டர் ஹே மருத்துவமனையில், இறந்த குழந்தைகளின் உறுப்புகளைப் பெற்றோருக்குத் தெரியாமல் எடுத்து வைத்திருந்தது 1999இல் அம்பலமானது. வெட்டாமல் ஸ்கேனிலேயே பார்த்துவிட்டால் என்ன என்ற யோசனை அங்கே எடுபட்டதில் வியப்பில்லை.

ஆனால் ஸ்கேன் கருவிகள் உயிருள்ள உடம்புக்காக அமைக்கப்பட்டவை. எம்ஆர்ஐ பதிவு செய்யும் சிக்னல், உடம்பின் வெப்பத்தைப் பொறுத்து மாறும். பிணவறையில் 4 டிகிரி குளிரில் இருந்த உடம்பை அப்படியே உள்ளே வைத்தால், 37 டிகிரிக்குப் போட்ட கணக்கு தப்பிவிடும். மூளையைச் சுற்றியுள்ள திரவம் கறுப்பாக விழவேண்டிய படத்தில் சாம்பல் நிறமாக நிற்கும்.

நுரையீரல் இன்னும் மோசம். இதயம் நின்றதும் ரத்தம் கீழ்ப்பக்கம் இறங்கித் தேங்கும். மல்லாந்து கிடத்திய குழந்தையின் சிடி படத்தில் நுரையீரலின் முதுகுப்புறம் வெளுத்துத் தெரியும். உயிருள்ள குழந்தையிடம் அப்படி இருந்தால் டாக்டர் நிமோனியாவைச் சந்தேகிப்பார். இங்கே அது இறப்புக்குப் பின் வந்த வெறும் தேக்கமாக இருக்கலாம். அந்த வெளுப்புக்குள் நிஜ நிமோனியா மறைந்தும் இருக்கலாம். சரி, ரத்தக் குழாயில் சாயம் செலுத்திப் பார்ப்போம் என்றால், அதைச் சுமந்துபோக ரத்த ஓட்டம் இல்லை. எலும்பு முறிவுகளைக் காட்டுவதில் மட்டும் சிடி கெட்டி.

லண்டனில் 400 கருக்களையும் குழந்தைகளையும் வைத்து நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. எம்ஆர்ஐயோடு ரத்தப் பரிசோதனை போன்றவற்றைச் சேர்த்துச் சொன்ன முடிவு, முழுப் பிரேதப் பரிசோதனையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்தார்கள். 24 வாரம் வரையிலான கருக்களில் சுமார் 95 சதவீதம். ஒரு வயதைத் தாண்டிய குழந்தைகளில் சுமார் 54 சதவீதம்தான்.

இந்த இடைவெளிதான் விஷயத்தின் மையம் என்பேன். கருவில் தேடுவது பெரும்பாலும் உறுப்புகளின் அமைப்புக் கோளாறு. அது படத்தில் விழும். வளர்ந்த குழந்தையைக் கொல்வது பல சமயம் நோய்த்தொற்று, இதயத் தசை அழற்சி போன்றவை. அவற்றைத் திசுவை நுண்ணோக்கியில் வைத்துத்தான் உறுதிசெய்ய முடியும். அதனால் இப்போது ஸ்கேனோடு, சிறு துளை போட்டு கேமரா விட்டுத் திசு எடுக்கும் முறையும் வந்திருக்கிறது. தூக்கத்தில் திடீரென இறக்கும் கைக்குழந்தைகள் விஷயத்திலோ, முழுப் பிரேதப் பரிசோதனை செய்தும் பல சமயம் காரணம் பிடிபடுவதில்லை. அங்கே ஸ்கேனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.