புகை மருந்துக்கு அப்பால்: சென்னையில் மலேரியா தடுப்புத் திட்டப்படி நீங்கள் கேட்டுப் பெறக்கூடியவை

மழை விட்டதும் வார்டு கவுன்சிலரிடம் போகும் முதல் கோரிக்கை பெரும்பாலும் "எங்க தெருவுக்கு புகை அடிக்கச் சொல்லுங்க" என்பதுதான். கொசுக்கடியில் தூங்க முடியாதவர்கள் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் மலேரியாவைப் பொறுத்தவரை அரசு செய்ய வேண்டிய வேலைகளில் மிகக் குறைவான பலன் தருவது தெருவில் அடிக்கும் அந்தப் புகைதான். அதைவிட உருப்படியான பல வேலைகள் திட்டத்திலேயே இருக்கின்றன. அவற்றைக் கேட்பவர்கள் குறைவு. புகைக்கு ஏன் இவ்வளவு குறைவான மதிப்பு என்பதைப் புரிந்துகொள்ள, கொசுக்களிடம் உருவாகிவரும் மருந்து எதிர்ப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் எந்தக் கொசு என்று பார்த்துவிடலாம். கூவம், பக்கிங்காம் கால்வாய், அடைத்த சாக்கடை ஆகியவற்றில் பெருகி இரவெல்லாம் கடிப்பது கியூலெக்ஸ். நமக்குத் தொல்லை அதனிடம்தான் அதிகம், ஆனால் அது மலேரியாவைப் பரப்பாது. பகலில் கடித்து டெங்குவைக் கொடுப்பது ஏடிஸ். சென்னையில் மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ் ஸ்டீஃபன்சி என்ற கொசு. இதற்குச் சாக்கடை பிடிக்காது, சுத்தமான தண்ணீர்தான் வேண்டும். மூடாத கிணறு, மூடி உடைந்த மாடித் தொட்டி, சம்ப், கட்டுமான இடத்தில் தேங்கிய தண்ணீர் என்று நாம் சேர்த்து வைக்கும் தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. ராயபுரம், தண்டையார்பேட்டை, சூளை, ஜார்ஜ் டவுன் போன்ற பழைய பகுதிகளில் கிணறும் தொட்டியும் நெருக்கமாக இருப்பதால், அங்கே இதற்கு இடப் பஞ்சமே இல்லை. தமிழ்நாட்டு மலேரியா நோயாளிகளில் பெரும்பங்கு பல ஆண்டுகளாகச் சென்னையிலிருந்தே வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கொசுப்புழுவைப் பார்த்தே அடையாளம் சொல்லலாம். அனாபிலிஸ் புழு தண்ணீரின் மேற்பரப்பில் படுத்த மாதிரி மிதக்கும். மற்ற இரண்டும் தலைகீழாகத் தொங்கும். மாடித் தொட்டியில் டார்ச் அடித்துப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

திட்டம் என்ன சொல்கிறது

சுதந்திரம் வந்த காலத்தில் இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் 7.5 கோடி பேருக்கு மலேரியா வந்தது, 8 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது அரசின் மதிப்பீடு. 1953-ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. வீட்டுச் சுவர்களில் டிடிடி அடித்தார்கள். 1965 வாக்கில் நோயாளிகளின் எண்ணிக்கை ஒரு லட்சம் அளவுக்கு இறங்கியது. மலேரியா ஒழிந்தே விட்டது என்று பலரும் நினைத்த நேரத்தில் அது திரும்பி வந்தது. 1976-ல் 64 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மலேரியா. பணம், ஆள், கண்காணிப்பு எல்லாம் குறைந்தது ஒரு பக்கம், டிடிடிக்குச் சாகாத கொசுக்கள் பெருகியது இன்னொரு பக்கம்.

நகரங்களில் நிலைமை வேறு மாதிரி இருந்தது. சுவரில் மருந்து அடிக்கும் முறை கிராமத்தை மனதில் வைத்து வகுத்தது. நகரத்தை அந்தந்த உள்ளாட்சியே பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருந்தார்கள். 1970-ல் மாதோக் குழு இதை ஆராய்ந்து பரிந்துரை செய்த பிறகு, 1971-ல் நகர்ப்புற மலேரியா திட்டம் பிறந்தது. சென்னையும் அதில் உண்டு. இதன் அடிப்படை எளிமையானது: பறக்கும் கொசுவைத் துரத்துவதைவிட, தண்ணீரில் இருக்கும்போதே புழுவை அழி. நோயாளியைச் சீக்கிரம் கண்டுபிடித்து முழுச் சிகிச்சை கொடு.

அதன்படி வாரம் ஒருமுறை கொசுப்புழு ஒழிப்பு நடக்க வேண்டும். ஏன் வாரம் என்றால், நம் ஊர் வெயிலில் முட்டை கொசுவாகிப் பறக்க 8 முதல் 10 நாள் ஆகும். அதற்குள் ஒரு சுற்று வந்துவிட வேண்டும். டிபிசி பணியாளர்கள், அதாவது வீடுகளில் கொசுப்புழு வளர்கிறதா என்று சோதிக்கும் மாநகராட்சிப் பணியாளர்கள், வீடு வீடாக வந்து தொட்டியைப் பார்ப்பது இதற்காகத்தான். குடிநீரில் 'அபேட்' என்ற பெயரில் அறியப்படும் டெமிஃபாஸ் ஊற்றுகிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு. அந்த அளவுக்குள் இருக்கும்வரை தண்ணீரைக் கொட்டிவிட வேண்டிய அவசியமில்லை. கிணறுகளில் கம்பூசியா, கப்பி மீன்களை விடுவதும் திட்டத்தில் உண்டு.

சரி, புகை? திட்டத்தில் அதற்கும் இடமிருக்கிறது, ஆனால் சின்ன இடம். ஒரு வீட்டில் மலேரியா உறுதியானால், அந்த வீட்டிலும் சுற்றியுள்ள சுமார் 50 வீடுகளிலும் உள்ளே புகுந்து பைரித்ரம் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளிக்க வேண்டும். நோய் பரவும் அவசரத்தில் மட்டும் வெளியிலும் புகை அடிக்கலாம். ஸ்டீஃபன்சி வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியிலும் துணி தொங்கும் மூலையிலும் உட்கார்ந்திருக்கும். தெருவில் ஓடும் வண்டியின் புகை அதை எட்டுவது அபூர்வம்.

மருந்துக்குச் சாகாத கொசு எப்படி வருகிறது

"கொசுவுக்கு மருந்து பழகிப்போச்சு" என்று சொல்கிறோம். எந்த ஒரு கொசுவும் தன் வாழ்நாளில் மருந்துக்குப் பழகுவதில்லை. ஆயிரம் கொசுக்களில் ஒன்றிரண்டுக்குப் பிறப்பிலேயே ஒரு மரபணு மாற்றம் இருக்கும். மருந்து அடித்தால் மற்றவை செத்துவிடும், அந்த ஒன்றிரண்டு மிஞ்சும். அவை முட்டையிடும். ஓராண்டில் பல தலைமுறைகள் வந்துவிடுவதால், அதே மருந்தையே தொடர்ந்து அடித்தால் கொஞ்ச காலத்தில் அந்தப் பரம்பரைதான் ஊரை நிறைக்கும். ஆக, எதிர்ப்பை வளர்ப்பதில் பெரிய பங்கு மருந்தை நாம் பயன்படுத்தும் முறைக்குத்தான்.

இந்த மாற்றங்கள் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, மருந்து போய் ஒட்டும் இடமே மாறிவிடுவது. டிடிடியும், பைரித்ராய்டு என்ற செயற்கைப் பூச்சிக்கொல்லிகளும் கொசுவின் நரம்பில் சோடியம் செல்லும் வாயிலைத் தாக்குகின்றன. அந்த வாயிலின் அமைப்பு கொஞ்சம் மாறினால் இரண்டுமே வேலை செய்யாது. டிடிடி அடித்தே எதிர்ப்பு வளர்ந்த ஊரில் புதிதாக பைரித்ராய்டு கொண்டுவந்தாலும் பலன் குறைவாக இருப்பது இதனால்தான். மாலத்தியான், டெமிஃபாஸ் போன்ற ஆர்கனோ பாஸ்பேட்டுகளும் கார்பமேட்டுகளும் (இவை வேறு இரண்டு பூச்சிக்கொல்லிக் குடும்பங்கள்) நரம்பில் உள்ள ஒரு நொதியைத் தாக்குகின்றன. அங்கேயும் இதே கதைதான். இரண்டாவது வகையில், கொசுவின் உடம்பில் உள்ள நொதிகள் அளவுக்கதிகமாகச் சுரந்து, மருந்து நரம்புக்குப் போய்ச் சேர்வதற்குள் சிதைத்துவிடும்.

இது இந்தியாவுக்குப் புதிதல்ல. கிராமப்புற மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் குலிசிஃபேசிஸ் கொசுவிடம் டிடிடி எதிர்ப்பு 1959-லேயே குஜராத்தில் பதிவானது. நகரத்து ஸ்டீஃபன்சியும் நாட்டின் பல இடங்களில் டிடிடிக்கும் மாலத்தியானுக்கும் எதிர்ப்பு காட்டியிருக்கிறது. அதே ஸ்டீஃபன்சி 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு எத்தியோப்பியாவுக்கும் பரவியது. நம் பக்கத்தில் இலங்கையின் மன்னாரிலும் தென்பட்டது. போன இடமெல்லாம் மருந்து எதிர்ப்பையும் கொண்டுபோவதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கவலை.

எதிர்ப்பு இருக்கிறதா என்பதை ஊகித்துச் சொல்ல முடியாது, சோதித்துத்தான் சொல்ல வேண்டும். கொசுக்களைப் பிடித்து, மருந்து தோய்த்த தாள் ஒட்டிய குழாய்க்குள் ஒரு மணி நேரம் வைப்பார்கள். பிறகு சுத்தமான குழாய்க்கு மாற்றி, 24 மணி நேரம் கழித்து எத்தனை செத்தன என்று எண்ணுவார்கள். 98 சதவீதமும் அதற்கு மேலும் செத்தால் மருந்து வேலை செய்கிறது. 90-க்குக் கீழே போனால் எதிர்ப்பு உறுதி. இடைப்பட்டதென்றால் மறுபடி சோதிக்க வேண்டும். எந்த ஊரில் எந்த மருந்து என்பதை இந்தச் சோதனை முடிவுதான் தீர்மானிக்க வேண்டும். 2012-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட எதிர்ப்பு மேலாண்மைத் திட்டத்தின் சாரமும் இதுதான்: சோதித்துப் பார், மருந்து வகைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்து, மருந்தில்லாத வழிகளை முன்னால் வை.

மருந்தில்லாத வழியில் எதிர்ப்பு என்ற பேச்சே எழாது. மூடிய தொட்டிக்குள் கொசு எந்த மரபணுவை வைத்துக்கொண்டும் நுழைய முடியாது. வளர்ந்த கம்பூசியா ஒன்று ஒரு நாளில் 100 முதல் 300 புழுக்களைத் தின்னும். பிடிஐ என்ற பாக்டீரியா மருந்து ஒரே நேரத்தில் பல நச்சுப் புரதங்களால் புழுவின் குடலைத் தாக்குவதால், அதற்குக் களத்தில் பெரிய அளவில் எதிர்ப்பு உருவாகவில்லை. நம் பக்கத்துப் புதுச்சேரியில் உள்ள ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நிறுவனமே இதில் ஒரு ரகத்தை உருவாக்கியிருக்கிறது.

வீட்டில் தினமும் ஏற்றும் கொசுவத்திச் சுருளும், பிளக்கில் செருகும் லிக்விடும் பெரும்பாலும் பைரித்ராய்டு வகையே. மருந்து தோய்த்த கொசுவலையில் இருப்பதும் அதே குடும்பம்தான். நாம் பாட்டுக்கு ஆண்டு முழுக்க ஏற்றிக்கொண்டே இருந்தால், வலையில் உள்ள மருந்தின் ஆயுளையும் சேர்த்துக் குறைக்கிறோம். ஜன்னலுக்கு வலையடிப்பதும் கட்டிலுக்கு வலை கட்டுவதும் இதைவிட நல்லது என்பது என் உறுதியான கருத்து.

காய்ச்சல் வந்தால் உங்களுக்கு உரியது

குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வந்தால் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ரத்தப் பரிசோதனையும் மலேரியா மருந்தும் அங்கே இலவசம். வெளிமாநிலத்திலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளிக்கும் அதே உரிமைதான். உங்கள் தெருவில் வேலை நடந்தால் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். அவர்களில் பலருக்கு இது தெரிவதே இல்லை.

சென்னையில் அதிகம் வருவது வைவாக்ஸ் வகை. இதற்கு மூன்று நாள் குளோரோகுயின், கூடவே 14 நாள் பிரைமாகுயின் என்பது தேசிய நெறிமுறை. காய்ச்சல் இரண்டு மூன்று நாளில் விட்டுவிடும். பலர் அப்புறம் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். வைவாக்ஸ் கிருமி கல்லீரலில் ஒளிந்துகொண்டு சில வாரங்களோ மாதங்களோ கழித்து மறுபடி எழும். அதை அழிப்பது அந்த 14 நாள் மாத்திரைதான். நிறுத்தினால் உங்களுக்கும் காய்ச்சல் திரும்பும், உங்களைக் கடிக்கும் கொசு வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் போகும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடு உள்ளவர்களுக்கும் பிரைமாகுயின் கொடுக்கக் கூடாது. அதனால் கர்ப்பம் பற்றியும், முன்பு மாத்திரையால் ரத்தச் சிதைவு ஏற்பட்டிருந்தால் அதைப் பற்றியும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தனியார் மருத்துவமனையில் பார்த்தாலும், உறுதியான மலேரியாவைச் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்தால்தான் உங்கள் வீட்டைச் சுற்றி மருந்து தெளிக்க ஆள் வருவார்கள். "ரிப்போர்ட் பண்ணிட்டீங்களா?" என்று நீங்களே கேட்கலாம்.

சட்டத்தில் உங்கள் பங்கு

1939-ம் ஆண்டு தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டத்தில் கொசு ஒழிப்புக்கென்று தனி அத்தியாயமே உண்டு. தண்ணீரில் கொசு வளர விடாமல் பார்த்துக்கொள்வது அந்த இடத்தின் உரிமையாளர் அல்லது குடியிருப்பவரின் பொறுப்பு. சுகாதார அதிகாரி நோட்டீஸ் கொடுக்கலாம். செய்யாவிட்டால் அவரே செய்து செலவை வசூலிக்கலாம். பணியாளர்கள் உள்ளே வந்து பார்க்கவும் சட்டம் அனுமதிக்கிறது. டிபிசி பணியாளர் வரும்போது "இப்ப வேண்டாம், அப்புறம் வாங்க" என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பினால் அந்த வாரச் சுற்று உங்கள் தொட்டியைத் தவறவிடுகிறது. அடுத்த சுற்றுக்குள் அதில் உள்ள புழு கொசுவாகிப் பறந்துவிடலாம். வந்தவரின் அடையாள அட்டையைப் பாருங்கள், பார்த்துவிட்டு மாடிக்கு அனுப்புங்கள். வெயிலில் ஒரு நாளில் எத்தனை மாடி ஏறி இறங்குகிறார்கள் என்று நினைத்து ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுங்கள்.

வாடகை வீடு என்றால் தொட்டி மூடிக்கு யார் செலவு செய்வது என்பதில் இழுபறி வரும். உரிமையாளர் தட்டிக் கழித்தால் மண்டல சுகாதார அதிகாரிக்கு எழுதிக் கொடுக்கலாம்.

மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் புகார் சொல்லும்போது "கொசு அதிகம்" என்று மட்டும் சொன்னால் புகை வண்டிதான் வரும். பூட்டிக் கிடக்கும் எந்த வீட்டின் கிணறு, எந்தக் கட்டுமான இடத்தின் லிஃப்ட் குழி, எத்தனை நாளாகத் தண்ணீர் நிற்கிறது, கடைசியாகப் பணியாளர் எப்போது வந்தார் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். தெருவில் யாருக்காவது மலேரியா உறுதியாகியிருந்தால், சுற்றியுள்ள 50 வீடுகளுக்கும் உள்ளே தெளிக்க வேண்டும், அக்கம்பக்கத்தில் காய்ச்சல் உள்ளவர்களுக்கு ரத்தம் எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். கிணறு இருந்தால் மீன் விடச் சொல்லுங்கள். புகார் எண்ணை வாங்கிக் குறித்துக்கொண்டு, ஒரு வாரத்தில் ஆள் வராவிட்டால் அதே எண்ணைச் சொல்லி மறுபடி கூப்பிடுங்கள்.