பிராண்ட்: சூடு போட்டதில் பிறந்த சொல்

பிராண்ட் என்றால் என்ன என்று கேட்டால் நிறையப் பேர் லோகோவைக் காட்டுவார்கள். லோகோ வெறும் குறி. அதைப் பார்த்ததும் 'இவங்க பொருளை நம்பி வாங்கலாம்' என்றோ 'போன தடவை ஏமாத்திட்டாங்க' என்றோ வாங்குபவர் மனதில் ஒன்று எழுகிறதே, அதற்குத்தான் பிராண்ட் என்று பெயர்.

இந்தச் சொல்லின் வேர் நெருப்பு. ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் 'பிராண்டர்' என்றால் எரியும் கட்டை, பழைய ஆங்கிலத்தில் 'பிராண்ட்' என்றால் தீ, கொள்ளிக்கட்டை. அப்புறம் காய்ச்சிய இரும்பால் மாட்டுக்கும் பீப்பாய்க்கும் (குற்றவாளிகளுக்கும்கூட) போட்ட சூட்டு அடையாளத்துக்கு இந்தப் பெயர் வந்தது, 19ஆம் நூற்றாண்டில் இன்னார் தயாரித்த சரக்கு என்ற பொருளும் சேர்ந்தது. இங்கிலாந்தில் 1875இல் வணிகக்குறிகளைப் பதிவு செய்யச் சட்டம் வந்து, 1876 ஜனவரி 1 அன்று முதலாவதாகப் பதிவானது பாஸ் பீர் நிறுவனத்தின் சிவப்பு முக்கோணம்.

ஆக, 'இது என்னுடையது' என்று உடைமைக்காரர் போட்டுக்கொண்ட குறிதான் அது. இன்று வாங்குபவர் 'இது எனக்கானது' என்று நினைத்தால்தான் வேலை நடக்கும். கோகோ கோலா 2011இல் ஆஸ்திரேலியாவில் செய்தது இதற்கு நல்ல உதாரணம்: அங்கே பரவலாக வைக்கப்படும் 150 பெயர்களைப் பாட்டில்களில் அச்சிட்டது. தன் பெயர் இருக்கும் இடத்தில் வாடிக்கையாளர் பெயரைப் போட்டதும், ஆட்கள் தங்கள் பெயரையும் நண்பர்கள் பெயரையும் தேட ஆரம்பித்தார்கள். அதற்காக மின்னஞ்சலின் தலையில் பெயரைச் சேர்த்து, கீழே எல்லாருக்கும் ஒரே விளம்பரத்தை அனுப்பிவிட்டு 'பர்சனல்' என்று சொல்லிக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். போன மாதம் ஷூ வாங்கியவருக்கு அதே ஷூவை மறுபடி காட்டாமல், அதை எப்படிப் பராமரிப்பது என்று நாலு வரி எழுதி அனுப்பினால், அவரை நினைவில் வைத்திருப்பதாவது தெரியும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'வணிகக்குறி' என்பதை ட்ரேட்மார்க்குக்கு விட்டுவிடலாம், அது சட்டம் சார்ந்த சங்கதி. இலங்கையில் 'வர்த்தகநாமம்' என்று எழுதுகிறார்கள், ஆனால் நாமம் என்பது பெயரோடு நின்றுவிடுகிறது. 'பொறி' அருமையான பழஞ்சொல். நெருப்புத் துளிக்கும் பதித்த சின்னத்துக்கும் அது ஒன்றே, துறைமுகச் சரக்கில் சோழரின் புலிச் சின்னத்தை இட்டதைப் பட்டினப்பாலை 'புலி பொறித்து' என்கிறது. என்ன செய்ய, இன்றைக்கு 'வணிகப்பொறி' என்று எழுதினால் எலிப்பொறிதான் ஞாபகம் வரும், அதுவும் வாடிக்கையாளரைப் பிடிக்கிற விஷயத்தில்!

என் ஓட்டு 'வணிக முத்திரை'க்கு. முத்திரை வடசொல்தான், இருந்தாலும் 'தன் முத்திரையைப் பதித்தார்' என்று நாம் சொல்லும்போது அடையாளம், மற்றவர் மனதில் அது விட்டுப்போன தடம் இரண்டுமே வந்துவிடுகின்றன. 'திருடன் என்று முத்திரை குத்திவிட்டார்கள்' என்கிற கெட்ட பொருளும் ஆங்கிலச் சொல்லில் இருப்பது போலவே இதிலும் இருக்கிறது. இதை வைத்தே பிராண்டிங்கை 'முத்திரை பதித்தல்' எனலாம், வாடிக்கையாளர் பிராண்டோடு ஒட்டிக்கொள்வதைச் சொல்லும் என்கேஜ்மெண்டுக்கு 'ஈடுபாடு' போதும். பிராண்ட் அம்பாசடருக்கு 'விளம்பரத் தூதர்' ஏற்கெனவே பழகிவிட்டது, அதை மாற்ற வேண்டாம்.