தலையில் ஒயர் மாட்டினால் தூக்கம் வருமா?

சோழிங்கநல்லூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “ஓ.எம்.ஆரில் வேலை, நைட் ஷிஃப்ட். பகலில் படுத்தால் தூக்கம் வருவதில்லை, எந்நேரமும் அசதி. தலையில் ஒயர் மாட்டி மூளையைப் பழக்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள் ஒரு சென்டரில். ஒரு மாதச் சம்பளம் கேட்கிறார்கள். போகலாமா சார்?”

அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். ஆனால் அந்த ஒயருக்குப் பின்னால் இருக்கும் சங்கதியைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

இதற்கு நியூரோஃபீட்பேக் என்று பெயர். செய்முறை சுலபம்தான். உச்சந்தலையில் பசை தடவி எலக்ட்ரோடு ஒட்டுவார்கள். நொடிக்கு 12 முதல் 15 தடவை துடிக்கும் மூளையலை வலுத்தால் ‘டிங்’ என்று சத்தம் வரும். எப்படி வரவழைத்தோம் என்பது நமக்கே தெரியாது. பரிசு கிடைக்கக் கிடைக்க மூளை அதையே திரும்பச் செய்யப் பழகும் என்பது கணக்கு.

இந்த அலையை 1960களில் கலிபோர்னியாவில் பாரி ஸ்டெர்மன் என்ற மூளை ஆராய்ச்சியாளர் பூனைகளிடம் கவனித்தார். பசியோடு இருக்கும் பூனை, ஒரு சத்தம் ஓயும்வரை காத்திருந்து பிறகு விசையை அழுத்தினால்தான் சாப்பாடு. காத்திருக்கும் நேரத்தில் அது முழு விழிப்போடு, ஆனால் துளியும் அசையாமல் நிற்கும். அப்போதுதான் இந்த அலை எழுந்தது. அலை வந்தாலே பால் என்று பழக்கிப் பார்த்தார். அப்படிப் பழகிய பூனைகளின் தூக்கத்திலும் அதே வேகத் துடிப்புகள் கூடியதாக 1970இல் எழுதினார்.

நமக்கும் லேசான தூக்கத்தில் அதே வேகத்தில் அலைகள் கொத்தாக எழுந்து, ஓரிரு நொடியில் அடங்கும். ஸ்லீப் ஸ்பிண்டில் என்று பெயர். பிறப்பது மூளையின் நடுவே இருக்கும் தலாமஸில். அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய செல் அடுக்கின் ஒரே வேலை, உள்ளே இருக்கும் செல்களை அடக்குவது. அடக்கினால் அடங்கத்தானே வேண்டும்? இங்கே நேர்மாறு. அந்தச் செல்களில் ஒருவகைக் கால்சியம் வாசல்கள் உண்டு. சாதாரண மின்னழுத்தத்தில் அவை செயலிழந்து கிடக்கும். செல்லை நன்றாக அடக்கி அழுத்தத்தை இறக்கினால்தான் திறக்கத் தயாராகும். பிடி தளர்ந்ததும் கால்சியம் உள்ளே பாயும், தண்ணீரில் அமுக்கிய பந்து துள்ளுவதுபோல் செல் படபடவென்று வெடிக்கும். அந்த வெடிப்பு, அடக்கிய அடுக்கையே தட்டி எழுப்பும், அது மறுபடி அடக்கும், மறுபடி வெடிப்பு. ஒரு சுற்றுக்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. இந்தத் துடிப்பு ஓடும்போது வெளிச் சத்தம் மூளையின் மேற்புறணிக்குச் சரியாகப் போய்ச் சேராது. தெருவில் ஹாரன் அடித்தாலும் சிலர் அசராமல் தூங்குவதில் இதற்கும் பங்குண்டு.

சரி, பூனைக்கு நடந்தது நமக்கும் நடக்குமா? ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் தூக்கமின்மை உள்ளவர்களுக்கு நிஜப் பயிற்சியும் போலிப் பயிற்சியும் கொடுத்துச் சோதித்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். எது நிஜம் என்று பங்கேற்றவர்களுக்குத் தெரியாது. தூக்கம் பரவாயில்லை என்று அவர்கள் சொன்னது இரண்டுக்கும்தான். கருவியில் பதிவான தூக்கமோ எதிலும் மேம்படவில்லை. ஒருவர் உட்கார்ந்து அக்கறையாகப் பேசி, தலையில் கருவி மாட்டி, நல்லாகும் என்று நம்பிக்கை கொடுத்தாலே பாதி அசதி போய்விடுகிறது போலும்.

போலிப் பயிற்சியோடு ஒப்பிடும் இப்படிப்பட்ட சோதனைக்குச் செலவு அதிகம், புகழ் குறைவு. இதற்குப் பணம் ஒதுக்கத் தயங்குகிறோம்; விளம்பரப் பலகைக்கு மட்டும் தாராளம். வடக்கே தலைவைத்தால் பூமியின் காந்தம் ரத்தத்து இரும்பை இழுக்கும் என்று ‘விஞ்ஞானம்’ பேசுபவர்களுக்கும், மூளையலை என்று சொல்லி ரசீது போடுபவர்களுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.

உங்கள் அசதிக்கு முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை பாருங்கள். குறட்டை இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று சோதிப்பார். தூக்கமின்மைக்கென்றே உள்ள நடத்தைச் சிகிச்சைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி வேனில் வரும்போது கூலிங் கிளாஸ் போட்டுக்கொள்ளுங்கள்: சென்னையின் காலை வெயில் கண்ணில் பட்டால், விடிந்துவிட்டது என்று மூளை, தூக்கத்துக்கு உதவும் ஹார்மோனான மெலடோனினை நிறுத்திவிடும். படுக்கையறை ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள்.