டீக்கடையில் வரும் பேச்சு கூட்டத்தில் ஏன் வருவதில்லை?

ஆத்தங்குடிப் பக்கம் ஒரு டைல்ஸ் பட்டறையில் கணக்கு எழுதும் வாசகி கேட்டிருக்கிறார்: “முதலாளி மாசம் ஒருதரம் எல்லாரையும் உட்கார வைத்து, ‘யாருக்கு என்ன குறைன்னாலும் தைரியமாச் சொல்லுங்க’ என்கிறார். நல்ல மனுஷர்தான். ஆனால் யாரும் வாயைத் திறப்பதில்லை. மறுநாள் டீக்கடையில் எல்லாவற்றையும் கொட்டுகிறார்கள். எங்க ஆட்கள் ஏன் இப்படிப் பயந்தாங்கொள்ளியா இருக்காங்க?”

அவசரப்பட்டு அப்படி முடிவு கட்ட வேண்டாம். ‘எனக்குத் தெரியலை’, ‘தப்புப் பண்ணிட்டேன்’, ‘நீங்க சொல்றது சரியா வராது’ என்று சொன்னால் தலை உருளாது என்று ஒரு குழுவில் இருப்பவர்கள் நம்பினால், அங்கே உளவியல் பாதுகாப்பு இருக்கிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஏமி எட்மண்ட்சன் ஒரு உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து 1999இல் எழுதிய கட்டுரை இதில் முக்கியமானது. இந்த நம்பிக்கை ஆளைப் பொறுத்தது இல்லை, குழுவைப் பொறுத்தது என்று அது காட்டியது. ஒரு குழுவில் ஊமையாக இருப்பவர் இன்னொரு குழுவில் சளசளவென்று பேசலாம்.

வாசகியின் பட்டறையில் மௌனத்துக்கு என்ன விலை என்று பார்ப்போம். ஆத்தங்குடிக் கல்லின் முகம் கண்ணாடியைப் பார்த்துக் கவிழ்ந்தபடிதான் பிறக்கிறது. கண்ணாடி மேல் சட்டம், சட்டத்துக்குள் பூ அச்சு, அச்சின் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு கலர். அச்சைத் தூக்கிவிட்டு உலர்ந்த சிமெண்ட்டும் மணலும் தூவி, ஈரக் கலவையைப் போட்டு அமுக்குவார்கள். கல் இறுகி, தண்ணீர்த் தொட்டியில் ஊறி, காய்ந்து, கண்ணாடியைப் பிரித்தால்தான் பூ கலங்கியிருப்பது தெரியும். ஆனால் கலர் நீர்த்துப் போயிருந்ததைக் கலர் கலக்கின பையன் முதல் நாளே பார்த்திருப்பான். வடக்கே இருந்து வந்த பையன், தமிழ் அரைகுறை. மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை, ஊற்றுகிற அண்ணனும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் மட்டும் எதற்குச் சொல்வான்?

அந்த ‘அவன் மட்டும்’ இருக்கிறதே, அதை அளந்து காட்டியவர் சாலமன் ஆஷ் என்ற அமெரிக்க உளவியலாளர். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. தளவாடம் என்று பார்த்தால் இரண்டு அட்டைகள்தான்.

1950களின் தொடக்கம். அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் ஏழெட்டுப் பேர் ஒரு அறையில். ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டின் நீளம் என்று ஒவ்வொருவராகச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பச்சைப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். சூது என்னவென்றால், ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் ஆஷ் செட்டப் செய்த ஆட்கள். முதல் இரண்டு சுற்றில் எல்லாரும் ஒழுங்காகச் சொல்கிறார்கள். மூன்றாவதில் முதல் ஆள் கூசாமல் தப்பான கோட்டைச் சொல்கிறார். அடுத்தவரும் அதையே. அதற்கடுத்தவரும். இப்போது நம்ம ஆளின் முறை. 18 சுற்றில் 12 சுற்று இப்படி.

தனியாகப் பார்த்தால் நூற்றுக்கு ஒன்றுகூடத் தப்பாத கண்கள், கூட்டத்தின் நடுவே 36.8 சதவீதம் தப்பைச் சொன்னன. எதிரே ஒரே ஒரு ஆள் தப்பாகச் சொன்னபோது பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பேர் சொன்னபோது 13.6 சதவீதம் சறுக்கினார்கள். மூன்று பேர் என்றதும் 31.8. அதற்கு மேல் ஆள் சேர்த்தும் பெரிய ஏற்றம் இல்லை. மூன்று தலை ஆடினால் காரியம் முடிந்தது.

அப்புறம் ஆஷ் செய்ததுதான் அழகு. செட்டப் ஆட்களில் ஒருவரை மட்டும் உண்மையைச் சொல்ல வைத்தார். பணிந்துபோவது கால் பங்காகச் சுருங்கிவிட்டது. சரி, சரியான விடையைக் காதில் போட்டதால்தானே என்று தோன்றும். அந்தச் சந்தேகத்தையும் அவர் விட்டு வைக்கவில்லை. இந்தத் துணை ஆளை, கூட்டம் சொன்னதைவிடப் பெரிய தப்பாகச் சொல்ல வைத்தார். அப்போதும் நம்ம ஆளின் தப்பு 9 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது! துணைக்கு வந்தவன் அடிமுட்டாளாக இருந்தாலும் பரவாயில்லை, கூட்டம் ஒரே குரலில் பேசாமல் இருந்தால் போதும்.

இன்னும் இருக்கிறது. துணை ஆளை ஆறு சுற்றுக்குப் பிறகு கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளச் சொன்னபோது, அதுவரை நிமிர்ந்து நின்றவர் சட்டென்று சரிந்தார். ஆனால் டீனைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித் துணை ஆள் எழுந்து போன சோதனையில் அவ்வளவு சரிவு இல்லை. ஆள் போன பிறகும் அவர் தந்த பலம் கொஞ்சம் மிஞ்சியது. கைவிட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற ஆள்தான் ஆபத்து.

‘அது அமெரிக்கா, நம்ம ஊரில் பெரியவர்களை எதிர்த்துப் பேச மாட்டோம்’ என்பீர்கள். பாதி உண்மை. பாண்ட், ஸ்மித் என்ற இருவர் 17 நாடுகளில் நடந்த 133 சோதனைகளை 1996இல் தொகுத்துப் பார்த்தார்கள். குடும்பம், கூட்டம் என்று வாழும் சமூகங்களில் பணிதல் கூடுதல்தான். ஆனால் அமெரிக்காவிலேயே 1950களுக்குப் பிறகு அது குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ரத்தத்தில் ஊறியது என்றால் நாற்பது வருஷத்தில் மாறுமா?

கோட்டின் நீளத்தைச் சொல்வதில் யாருக்கும் கூலி போகாது. பட்டறையில் போகும். பேசினால் வரும் நஷ்டம் இன்றைக்கு, எனக்கு. லாபம் என்றைக்கோ, முதலாளிக்கு. இந்தக் கணக்கை மனசு நொடியில் போட்டுவிடும். 1977இல் ஸ்பெயினின் டெனரீஃப் தீவு விமான நிலையத்தில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் செத்தார்கள். ‘அந்த விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகலையோ?’ என்று, கிளம்பிக்கொண்டிருந்த விமானத்தின் பொறியாளர் கேட்கத்தான் செய்தார். மூத்த கேப்டன் அடித்துச் சொன்ன பதிலுக்குப் பிறகு அவர் மறுபடி கேட்கவில்லை. உயிர் போகும் இடத்திலேயே இந்தக் கதி.

இங்கே முதலாளிமார் செலவு செய்யும் விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வாஸ்து பார்த்து மேனேஜர் நாற்காலியைக் கிழக்கே திருப்பக் காசு இருக்கிறது, கை தட்ட வைக்கும் பேச்சாளருக்குக் காசு இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகத்தைக் கொண்டுவந்தார். மனிதர்கள் எப்படி ஒன்றாக வேலை செய்கிறார்கள் என்று பார்க்க அதில் நூறில் ஒரு பங்குகூட வேண்டாம். அதற்குக் கொடுக்கத்தான் யாருக்கும் மனசு வருவதில்லை.

சரி, முதலாளி என்ன செய்யலாம்? ‘தைரியமாச் சொல்லுங்க’ என்பதை விட்டுவிடலாம். ஆஷ் சோதனையிலிருந்து நேராக வருவது இது: அந்தக் கலர்ப் பையனுக்குப் பட்டறைக்குள் ஒரு ஆள் வேண்டும். அவனோடு உட்கார்ந்து சாப்பிடுகிற, அரைகுறையாகவாவது இந்தி பேசுகிற, ‘ஆமா, நானும் பார்த்தேன்’ என்று சொல்கிற ஒருவர். மண் சுமக்கிற பெண்களில் ஒருவரை மட்டும் கூட்டத்துக்குக் கூப்பிடுவதைவிட இரண்டு பேரைக் கூப்பிடலாம். முதலாளி கடைசியில் பேசட்டும், மேஸ்திரி அவருக்கு முன்னால். பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் 23இல் நெம்பார்டு என்ற ஆய்வாளரும் எட்மண்ட்சனும் செய்த ஆய்வில், கீழ்ப்படியில் இருப்பவர்களுக்குப் பேசும் பாதுகாப்பு குறைவு என்று தெரிந்தது. ஆனால் தலைமை டாக்டர் அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டு, சொன்னதை மதித்த பிரிவுகளில் அந்த வித்தியாசம் சுருங்கியது.

வாசகி கணக்கு எழுதுபவர் என்பதால் அவருக்கென்று ஒன்று. எட்மண்ட்சன் முதலில் மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை எண்ணினார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கூடுதலாக இருந்தது. நல்ல குழுக்கள் அதிகம் தப்பு செய்யவில்லை, செய்ததை மறைக்காமல் சொன்னார்கள், அவ்வளவுதான். உங்கள் பட்டறையிலும் ஆட்கள் பேச ஆரம்பித்தால் முதல் சில மாதம் பேரேட்டில் பழுதுக் கல் கூடும். அதைப் பார்த்து முதலாளி கூலியில் பிடித்தால், அடுத்த மாதம் பழுது பூஜ்யம் என்று எழுதிக் கொடுப்பார்கள். கலங்கின பூ வீடு கட்டுபவரின் தரையில் போய்த்தான் தெரியும்.